வேகப்பந்து வீச்சாளரின் முதுகெலும்பில் அயர்வு முறிவு: உயிர்விசையியல் விளக்கமும் தடுப்பு நெறிகளும்

ஆய்வுச் சுருக்கம்

கிரிக்கெட் ஆட்டத்தில் வேகப்பந்து வீசுவோருக்கு நேரும் காயங்களுள் அவர்களை நீண்ட காலம் களத்திலிருந்து விலக்கி வைப்பது இடுப்புப் பகுதி முள்ளெலும்பில் ஏற்படும் முறிவாகும். அது வீழ்ச்சியாலோ மோதலாலோ நிகழ்வதன்று. ஒரே அசைவு பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப நிகழ்வதால் எலும்பு சிறுகச் சிறுக அயர்ந்து விரிசல் காண்பது. இம்முறிவு உருவாகும் முறையை உயிர்விசையியல் நோக்கில் விளக்குவதும், அவ்விளக்கத்திலிருந்து பெறப்படும் தடுப்பு நெறிகளைத் தொகுப்பதும், இக்காயத்தைத் தமிழில் எவ்வாறு பெயரிடுவது பொருந்தும் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

திறவுச்சொற்கள்: உயிர்விசையியல், வேகப்பந்து வீச்சு, தரை எதிர்விசை, எதிர்ச்சுழற்சி, தகைவு, அயர்வு முறிவு, பணிச்சுமை.

முன்னுரை

2011ஆம் ஆண்டு நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் நகரில் ஆஸ்திரேலிய அணிக்காகத் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடிய பாட் கம்மின்ஸுக்கு அப்போது வயது 18. இரண்டாம் ஆட்டப்பகுதியில் ஆறு விக்கெட்டுகளை வீழ்த்திய அவரே ஆட்டநாயகனாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய அடுத்த டெஸ்ட் ஆட்டம் 2017 மார்ச்சில் ராஞ்சியில் நிகழ்ந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை அவரிடமிருந்து பறித்தவற்றுள் முதன்மையானது முதுகெலும்பில் மீண்டும் மீண்டும் தோன்றிய விரிசலாகும். இந்தியாவின் ஜஸ்பிரீத் பும்ராவும் 2019இலும் 2022இலும் இவ்வகைக் காயத்தால் விலக நேர்ந்தது. 2023இல் முதுகில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார்.

இவர்கள் உலகின் தலைசிறந்த மருத்துவ உதவியைப் பெறக்கூடியவர்கள், மீண்டு வந்தனர். பள்ளி அணியிலும் மாவட்ட அணியிலும் வீசும் பதினாறு வயது இளைஞருக்கு அவ்வாய்ப்பு இல்லை. முதுகுவலியோடு வீச்சைத் தொடர்ந்து, காரணம் அறியப்படாமலேயே ஆட்டத்தைக் கைவிடும் நிலையே அவர்களுக்கு நேரக்கூடும். ஆதலின் இக்காயம் தோன்றும் முறையைத் தமிழில் தெளிவாக எடுத்துரைப்பது தேவையாகிறது.

உயிர்விசையியல்: துறை அறிமுகம்

உயிரினங்களின் அசைவை விசையியல் விதிகளைக் கொண்டு ஆராயும் துறை உயிர்விசையியல் எனப்படும். விளையாட்டு உயிர்விசையியல் அதன் ஒரு கிளை. ஆட்டக்காரரின் உடல் எவ்வாறு அசைகிறது, அவ்வசைவைத் தோற்றுவிக்கும் விசைகள் எவை, அவ்விசைகள் எந்த உறுப்பில் எவ்வளவு சுமையை ஏற்றுகின்றன என்னும் மூன்று வினாக்களுக்கு இக்கிளை விடை தேடுகிறது. முதல் வினாவுக்கு உயர்வேக ஒளிப்பதிவுக் கருவிகள் விடையளிக்கின்றன. இரண்டாம் வினாவுக்குத் தரையில் பதிக்கப்பட்ட விசைப்பலகைகள் உதவுகின்றன. மூன்றாவதை நேரடியாக அளத்தல் அரிது. முதலிரண்டின் அளவுகளைக் கொண்டு கணித்தே அறிதல் வேண்டும்.

பந்துவீச்சின் கட்டங்கள்

வேகப்பந்து வீச்சினை நான்கு கட்டங்களாகப் பகுத்துக் காணலாம்: ஓட்டம், தாவல், வீச்சு அடி, தொடர் அசைவு. ஓட்டத்தில் வீச்சாளர் உந்தத்தைத் திரட்டுகிறார். தாவலின் முடிவில் பின்கால் தரையைத் தொடுகிறது. அடுத்து முன்கால் தரையில் ஊன்றுகிறது. முன்கால் ஊன்றியதற்கும் பந்து கையை விட்டு நீங்குவதற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 0.1 நொடி மட்டுமே. பந்தின் வேகமும் முதுகின் காயமும் இக்குறுகிய இடைவெளியிலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுகின்றன.

வலக்கையால் வீசுபவர்க்கு இடக்காலே முன்கால். அது ஊன்றும்போது ஓடிவந்த உடல் திடீரெனத் தடுக்கப்படுகிறது. கீழுடல் நிற்க, மேலுடல் முன்னோக்கிச் சுழல்கிறது. இவ்வாறு ஓட்டத்தின் உந்தம் இடுப்பு வழியாகத் தோளுக்கும், தோள் வழியாகக் கைக்கும், கை வழியாகப் பந்துக்கும் கடத்தப்படுகிறது.

முன்காலும் தரை எதிர்விசையும்

ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. முன்கால் தரையைத் தாக்கும்போது தரையும் காலைத் தாக்குகிறது. இத்தரை எதிர்விசையின் செங்குத்துக் கூறு வேகப்பந்து வீச்சாளரிடத்து உச்ச நிலையில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ 5 முதல் 7 மடங்கு வரை அளக்கப்பட்டுள்ளது. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஆறு மடங்கு எனக் கொள்ளின், அது 420 கிலோ எடைக்கு நிகராகும். ஓர் ஓவருக்கு ஆறு பந்துகள் என்ற கணக்கில், ஒரு நாளில் 20 ஓவர் வீசுபவர் 120 முறை இத்தாக்கத்தை ஏற்கிறார். இது முழுவதும் முதுகைச் சென்று சேர்வதில்லை. பாதம், கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகியவை ஒரு பகுதியை உள்வாங்கிக்கொள்கின்றன. எஞ்சியது முதுகெலும்பை எட்டுகிறது.

இங்கு முழங்காலின் பங்கு குறிப்பிடத்தக்கது. விரைந்து வரும் பந்தைப் பிடிப்பவர் கைகளைப் பின்னோக்கி இழுத்துக்கொள்வார். உந்த மாற்றம் அதே அளவினதாயினும் அது நிகழும் காலம் நீள்வதால் கை உணரும் விசை குறைகிறது. இதனைக் கணத்தாக்கு என்னும் கருத்தால் இயற்பியல் விளக்கும். முன்காலின் முழங்கால் சற்று மடங்கினால் இதுவே நிகழும், தாக்கம் தணியும். ஆனால், மடங்கிய முழங்கால் உந்தத்தை மேலே கடத்துவதில் பின்தங்கும்; பந்தின் வேகம் குறையும். நிமிர்ந்து நிற்கும் முழங்கால் நெம்புகோலின் ஊன்றுபுள்ளி போல் செயற்பட்டு வேகத்தைக் கூட்டும், தாக்கத்தையும் கூட்டும். வேகத்தைத் தரும் அதே பொறிமுறையே காயத்துக்கும் வழிவகுக்கிறது என்பதே இச்சிக்கலின் உள்ளீடு. வேகத்தைக் கைவிடாமல் காயத்தைத் தவிர்க்க வேண்டுமெனின், தாக்கத்தின் அளவை மட்டும் நோக்காது, அது முதுகெலும்பில் எந்தக் கோணத்தில் இறங்குகிறது, எத்தனை முறை இறங்குகிறது என்பவற்றையும் நோக்குதல் வேண்டும்.

தோளும் இடுப்பும்: கலப்பு வீச்சு

பின்கால் ஊன்றும் நிலையில் வீச்சாளரின் தோளும் இடுப்பும் மட்டையாளரை நோக்கி அமைந்திருப்பின் அது நேர்முக வீச்சு. இரண்டும் பக்கவாட்டில் அமைந்திருப்பின் அது பக்கமுக வீச்சு. இவ்விரண்டிலும் தோளும் இடுப்பும் ஒரு திசைப்பட நிற்கின்றன. இடுப்பு ஒரு திசையிலும் தோள் மற்றொரு திசையிலும் அமைவது கலப்பு வீச்சு. நேர்முகமாகப் பின்காலை ஊன்றியவர், முன்கால் ஊன்றுவதற்குள் தோளை மட்டும் பக்கவாட்டுக்குத் திருப்புவது இதன் வழக்கமான வடிவம். தோளின் இத்திருப்பம் எதிர்ச்சுழற்சி எனப்படும்.

தோளும் இடுப்பும் முரண்பட்டுச் சுழலும்போது இடையிலுள்ள முதுகெலும்பு முறுக்கப்படுகிறது. அம்முறுக்கோடு பின்வளைவும், பந்து வீசாத கையின் பக்கமாகச் சாய்வும் சேர்கின்றன. முன்கால் ஊன்றிய சிறு பொழுதிலேயே இச்சாய்வு உச்சமடைகிறது. தரை எதிர்விசை உச்சமடைவதும் அப்பொழுதுதான். வளைந்தும் சாய்ந்தும் முறுக்குண்டும் நிற்கும் முதுகெலும்பின் மீது பெருந்தாக்கம் இறங்குகிறது.

ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறத்திலும் மேல் மூட்டுமுனையையும் கீழ் மூட்டுமுனையையும் இணைக்கும் குறுகிய எலும்புப் பாலம் வலம், இடம் என இருபுறமும் உண்டு. பின்வளைவும் பக்கச்சாய்வும் கூடும்போது சுமை முழுவதும் சாய்ந்த பக்கத்துப் பாலத்தின் மீது குவிகிறது. வலக்கை வீச்சாளர்க்கு விரிசல் பெரும்பாலும் இடப்பக்கத்தில் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. காயம் தற்செயலாக நேர்வதாயின் இருபக்கமும் ஒரே அளவில் தோன்றியிருக்க வேண்டும். ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதே அசைவுக்கும் முறிவுக்கும் உள்ள தொடர்புக்குச் சான்றாகிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஃபாஸ்டர், எலியட் முதலியோர் 82 இளம் வேகப்பந்து வீச்சாளர்களை ஒரு பருவம் முழுவதும் தொடர்ந்து கண்காணித்து 1989இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முன்னோடியானது. அவர்களின் சராசரி வயது 16.8. அப்பருவத்தில் 11 விழுக்காட்டினர்க்கு முள்ளெலும்பு முறிவும், 27 விழுக்காட்டினர்க்கு முதுகின் மென்திசுக் காயமும் ஏற்பட்டன. தோளை 40 பாகைக்கு மேல் எதிர்ச்சுழற்றியவர்களிடத்தும் மிகுதியாகப் பந்து வீசியவர்களிடத்தும் முதுகுக் காயம் கூடுதலாகக் காணப்பட்டது. வீச்சின் வடிவம், வீச்சின் எண்ணிக்கை ஆகிய இரண்டும் இணைந்தே காயத்தை உருவாக்குகின்றன என்பது இதனால் பெறப்படும்.

எலும்பு அயரும் முறை

ஒரே தாக்கத்தால் எலும்பை முறிப்பதற்கு வேண்டிய விசை மிகப் பெரிது. பந்துவீச்சில் அத்தகைய விசை தோன்றுவதில்லை. பின் ஏன் முறிகிறது என்னும் வினாவுக்கு விடை, 19ஆம் நூற்றாண்டின் இருவேறு துறைகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் கிடைத்தது. 1855இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்தாவுப்ட், அடிபடாமலேயே நெடுநடைப் பயிற்சியால் வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். பாத எலும்பின் முறிவே இதற்குக் காரணம் என்பது எக்ஸ் கதிர்ப் படங்கள் வந்த பின்னரே உறுதியானது. அதே காலப்பகுதியில் ஜெர்மானியப் பொறியாளர் வோலர், தாங்கக்கூடிய சுமையையே ஏற்றும் தொடர்வண்டி அச்சுகள் நாளடைவில் முறிவது ஏன் என ஆராய்ந்தார். சிறிய சுமையே ஆயினும் அது எண்ணற்ற முறை மாறி மாறி ஏறி இறங்கினால் உலோகம் அயர்ந்து முறியும் என்பது அவ்வாய்வின் முடிவு.

எலும்புக்கும் உலோகத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உலோகம் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளாது, எலும்பு பார்த்துக்கொள்ளும். நுண்விரிசல் தோன்றிய இடத்தில் எலும்பரிக்கும் செல்கள் பழுதுற்ற பகுதியை முதலில் அகற்றுகின்றன. இதற்குச் சில வாரங்கள் ஆகும். பிறகு எலும்பாக்கும் செல்கள் புதிய எலும்பை நிரப்புகின்றன. இதற்குச் சில மாதங்கள் ஆகும். அகற்றுதல் விரைவாகவும் நிரப்புதல் மெதுவாகவும் நிகழ்வதால், இடையில் எலும்பு முன்னிலும் வலுக்குறைந்திருக்கும் ஒரு காலம் வந்தே தீரும். அக்காலத்தில் ஓய்வு கிடைத்தால் எலும்பு முன்னிலும் வலுப்பெறும். ஓய்வின்றி வீசினால் விரிசல் விரியும்.

ஆர்ச்சர்டு முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதனோடு பொருந்தி வருகிறது. ஓர் ஆட்டத்தில் 50 ஓவர்களுக்கு மேல் வீசியவர்களுக்குக் காய வாய்ப்பு உடனே உயராமல், அடுத்த மூன்று நான்கு வார காலத்தில் உயர்ந்தமையை அவர்கள் கண்டனர். வலி தோன்றும் நாளும் அதற்குக் காரணமான நாளும் வேறுவேறு என்பதே இதன் பொருள். நேற்று வீசிய பந்தைக் காரணமாகக் கருதும் வீச்சாளரும் பயிற்சியாளரும் உண்மைக் காரணத்தைத் தவறவிடுகின்றனர்.

வயதும் இங்குக் கருதத்தக்கது. இடுப்பு முள்ளெலும்பின் பின்பகுதி முழு வலுவை எய்துவது இருபது வயதைக் கடந்த பின்னரே. தசையோ அதற்கு முன்பே வலுப்பெற்றுவிடுகிறது. ஆதலின் வளர்ந்தவரின் வேகத்தில் வீசக்கூடிய பதினெட்டு வயதினர்க்கு அவ்வேகத்தைத் தாங்கும் எலும்பு இன்னும் அமைந்திருப்பதில்லை. முன்னுரையில் சுட்டிய கம்மின்ஸின் வரலாறு இதற்குப் பொருந்துவதாகும்.

லில்லியின் மீட்சியும் சென்னையும்

இவ்விளக்கங்கள் முழுமையாக உருப்பெறுவதற்கு முன்பே அவற்றின் பயனைத் தம் உடலில் காட்டியவர் ஆஸ்திரேலிய வீச்சாளர் டென்னிஸ் லில்லி. 1973இல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தின்போது அவருடைய முதுகின் கீழ்ப்பகுதி முள்ளெலும்புகளில் முறிவு கண்டறியப்பட்டது. அக்காலத்தில் அது ஒரு வேகப்பந்து வீச்சாளரின் ஆட்டவாழ்வின் முடிவாகவே கருதத்தக்கது. உடலில் மாவுக்கட்டோடு பல வாரம் இருந்த அவர், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வி அறிஞர் ஃபிராங்க் பைக் வகுத்த பயிற்சியை மேற்கொண்டார். தசையை வலுப்படுத்துதல், சுமையைப் படிப்படியாகக் கூட்டுதல், வீச்சைச் சீர்செய்தல் என அது அமைந்தது. 1974-75 ஆஷஸ் தொடரில் மீண்டுவந்து 25 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1984இல் ஓய்வு பெற்றபோது அவர் வீழ்த்தியிருந்த 355 விக்கெட்டுகள் அன்றைய உலக உச்சம்.

இவ்வரலாறு தமிழகத்தோடு நேரடித் தொடர்புடையது. 1987இல் சென்னையில் தொடங்கப்பெற்ற எம்.ஆர்.எஃப் வேகப்பந்து அறக்கட்டளையின் பயிற்சிப் பொறுப்பை லில்லி ஏற்று 2012 வரை வழிநடத்தினார். ஜவகல் ஸ்ரீநாத், ஜாகீர் கான் முதலியோர் அங்குப் பயின்றவர்கள். முறிந்த முதுகைத் திருத்திக்கொண்ட ஒருவரின் பட்டறிவு கால் நூற்றாண்டுக் காலம் சென்னை வழியாக இந்திய வீச்சாளர்களைச் சென்றடைந்தது. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்தின் உயிர்விசையியல் ஆய்வகம், பந்துவீச்சு முறையைச் சோதிக்கும் கூடமாக 2014இல் பன்னாட்டு கிரிக்கெட் மன்றத்தின் ஏற்பைப் பெற்றது. அளக்கும் கருவியும் பயிற்றும் மரபும் ஒரே நகரில் உள்ளன. அவற்றின் அறிவு பள்ளித் திடலை எட்டுவதே இனி வேண்டப்படுவது.

தடுப்பு நெறிகள்

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வரும் நெறிகள் பெறப்படுகின்றன.

1. எண்ணுதல். ஆட்டத்தில் வீசியவற்றோடு பயிற்சியில் வீசியவற்றையும் சேர்த்துப் பந்துகளைக் கணக்கிட வேண்டும். ஒரே இளைஞர் பள்ளிக்கும் சங்கத்துக்கும் மாவட்டத்துக்கும் ஆடும்போது ஒவ்வொரு பயிற்சியாளரும் தம் பங்கை மட்டுமே அறிவார். எலும்போ மொத்தத்தையும் சுமக்கும். ஆதலின் கணக்கேடு வீச்சாளரிடமே இருத்தல் நலம்.

2. உச்சவரம்பு. இங்கிலாந்து, வேல்ஸ் கிரிக்கெட் வாரியம் வயதுக்கேற்ப வரம்புகளை வகுத்தது. 13 வயதுக்குட்பட்டோர் தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் என்பது நெடுங்காலம் அங்கு நிலவிய வரம்பு.

3. இடைவெளியும் படிநிலையும். வீச்சு நாள்களுக்கிடையே ஓய்வு வேண்டும். எனினும் நீண்ட ஓய்வுக்குப்பின் திடீரென மிகுதியாக வீசுவதும் தீங்கே. சுமை படிப்படியாக உயர்வதே எலும்பு வலுப்பெற வழி.

4. வீச்சு வடிவம். கலப்பு வீச்சை இளமையிலேயே கண்டறிந்து தோளையும் இடுப்பையும் ஒரு திசைப்படுத்த வேண்டும். ஆயின், நிலைபெற்ற வீச்சை மாற்றுவதில் கவனம் தேவை. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சன், காயத்தைத் தவிர்க்கவென அவருடைய வீச்சு மாற்றியமைக்கப்பட்ட பின்னர், 2006இல் முதுகெலும்பு முறிவுக்கு ஆளானார். தம் இயல்பான வீச்சுக்குத் திரும்பிய அவர் 2024 வரை ஆடி 704 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்தினார். எல்லா உடலுக்கும் ஒரே வடிவம் பொருந்தாது என்பதற்கு இது சான்று.

5. வலியை மதித்தல். வீசாத கைப்பக்கத்து இடுப்பில் தோன்றி, முதுகைப் பின்வளைக்கும்போது மிகும் வலியைத் தசைப்பிடிப்பு என ஒதுக்கலாகாது. விரிசல் தோன்றுமுன்பே எலும்பின் உட்பகுதியில் ஏற்படும் நீர்க்கோப்பை எம்.ஆர்.ஐ படம் காட்டும். அந்நிலையில் ஓய்வளித்தால் முறிவையே தவிர்த்தல் கூடும்.

பெயரும் புரிதலும்

ஆங்கில வழக்கில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் எனப்படும் இக்காயத்தைத் தமிழில் 'அழுத்த முறிவு' எனக் குறிப்பதுண்டு. இயற்பியலில் அழுத்தம் என்பது வேறொரு கருத்துக்குரிய சொல்; உளவியலில் மன அழுத்தம் என்பதும் வழக்கில் உள்ளது. ஆதலின் இப்பெயர் நோயின் காரணத்தைக் காட்டவில்லை. இயற்பியல் பாடநூல்கள் ஸ்ட்ரெஸ் என்பதைத் 'தகைவு' என்கின்றன. தகைத்தல் தடுத்தலைக் குறிக்கும். புறவிசையைப் பொருள் உள்ளிருந்து தடுப்பதே அக்கருத்தாகலின் சொல் பொருந்துவதே. அவ்வழி 'தகைவு முறிவு' எனல் பிழையாகாது. எனினும், திரும்பத் திரும்ப நிகழ்வதால் விளைவது என்னும் இன்றியமையாக் கூறு அதிலும் புலப்படவில்லை.

இக்கட்டுரை கையாளும் 'அயர்வு முறிவு' என்னும் தொடர் அக்கூற்றைக் காட்டவல்லது. அயர்தல் என்பதற்குச் சோர்தல் என்னும் பொருளோடு, விளையாடுதல், நிகழ்த்துதல் என்னும் பொருள்களும் பழந்தமிழில் உண்டு. வெறியயர்தல், விழவயர்தல் என்னும் ஆட்சிகள் சங்க இலக்கியம் பயின்றோர் அறிந்தவை. ஆட்டமும் அயர்ச்சியும் ஒரே வினையடியில் அடங்கியிருப்பது, ஆட்டத்தின் மிகுதியால் விளையும் இக்காயத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறது.

காயம் பற்றிய மரபுவழி மதிப்பீடும் இங்கு நினைக்கத்தக்கது. விழுப்புண் பெருமைக்குரியது, புறப்புண் நாணத்துக்குரியது. வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான் என்பது புறநானூறு வழி அறியப்படும் செய்தி. இவ்விருவகைப் புண்ணும் பகைவரின் படைக்கலத்தால் வருவன. வேகப்பந்து வீச்சாளரின் முதுகுக் காயத்துக்குப் பகைவர் இல்லை. அவருடைய அசைவே படைக்கலம். ஆகவே, வலியைப் பொறுத்து வீசுவது மறமும் ஆகாது. வலியை எடுத்துரைப்பது நாணத்தக்கதும் ஆகாது. இவ்வேறுபாடு உணரப்படாதவரை இளைஞர்கள் வலியை மறைத்தே வீசுவர்.

முடிவுரை

வேகப்பந்து வீச்சாளரின் முள்ளெலும்பு முறிவு திடீர் நிகழ்ச்சியன்று. வளைவு, சாய்வு, முறுக்கு ஆகியவை கூடிய நிலையில் பெருந்தாக்கம் பல்லாயிரம் முறை இறங்குவதன் விளைவு. வேகமும் காயமும் ஒரே பொறிமுறையிலிருந்து தோன்றுவதால் காய வாய்ப்பை முற்றிலும் நீக்குதல் இயலாது. வீச்சின் வடிவத்தைச் சீர்செய்தும் எண்ணிக்கையை வரையறுத்தும் குறைத்தல் இயலும். காரணத்துக்கும் வலிக்கும் இடையே வாரக்கணக்கான இடைவெளி இருப்பதால், வலி தோன்றிய பின் எண்ணத் தொடங்குவது காலங்கடந்த செயலாகும். எண்ணும் பழக்கம் வீச்சைக் கற்கும் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். அதற்குப் பயிற்சியாளரும் பெற்றோரும் வீச்சாளரும் ஒருசேரப் புரிந்துகொள்ளும் தமிழ்ச் சொற்கள் வேண்டும். அயர்வு முறிவு என்னும் பெயர் அவற்றுள் ஒன்றாகலாம்; முறிவதற்கு முன் அயர்தல் உண்டு என்பதையும், அயர்ந்ததற்கு ஓய்வே மருந்து என்பதையும் அது தன்னுள்ளேயே சொல்லிவிடுகிறது.